கேண்டிலில் படிந்த மஞ்சள் மண்

தண்ணீர் பில்டரின் வெள்ளைக் கேண்டிலைத் தேங்காய்த் தும்பு வைத்துத் தேய்க்கும்போது ஒரு வாசனை எழும். மழையில் நனைந்த மண்ணின் வாசனை அல்ல. அது மூக்கைத் திறக்கும், இது அடைக்கும். வெயிலே படாத மண், குழி வெட்டினால் மட்டும் மேலே வந்து முகம் காட்டுகிற மண், அதன் குளிர்ந்த மூச்சு. அட்டன் நகரத்தில் என் சமையலறையில் வருவது வெறும் குழாய்த் தண்ணீர்தான். கேண்டிலில் படிவது வெறும் சாம்பல் நிற அழுக்குதான். ஆனாலும் தேய்க்கத் தொடங்கினால் அந்த வாசனை எங்கிருந்தோ வந்துவிடுகிறது. கையை உதறிவிட்டு ஜன்னலுக்குப் போகிறேன். எதிர்ப்பக்கத்து மலை நிற்கிறதா என்று பார்க்கிறேன். நிற்கிறது. திரும்பி வந்து மறுபடியும் தேய்க்கிறேன்.

நோட்டன் பிரிட்ஜ் போகிற பாதையில் பஸ்ஸை விட்டு இறங்கி, தேயிலைக்குள் குறுக்குப் பாதையில் ஏறினால், அந்த நாட்களில் என் தங்கையின் லயம், தோட்டத்து ஆட்களின் வரிசை வீடு, வரும். ஒற்றை வரிசை லயம். முதுகை மலைக்குக் கொடுத்து உட்கார்ந்திருக்கும். பின்கதவைத் திறந்தால் கைநீட்டும் தூரத்தில் மலையின் வெட்டிய முகம், அதில் பாசி, பாசிக்கு மேலே தேயிலை, தேயிலைக்கு மேலே மூட்டம். கடைசிக் காம்பராவில், ஓர் அறை வீட்டில், தங்கையும் அவள் புருஷனும் மகளும். மலை ஒருநாள் இறங்கினால் அந்தக் காம்பராவின் மேல்தான் முதலில் இறங்கும். இதை யாரும் மறைத்ததில்லை. சோறு சாப்பிட்டுக்கொண்டே பேசுவோம்.

ஒரு பெருமழைக் காலத்தில் அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். டேப் பிடித்து அளந்தார்கள், சிங்களத்தில் நீளமாகச் சொன்னார்கள். கூட வந்தவர் அதைத் தமிழில் சுருக்கிச் சொன்னார்: மழை வலுத்தால், ஒலிபெருக்கியில் கூப்பிட்டால், எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும், வெயில் வந்த பிறகு திரும்பலாம். மண்ணைப் பற்றியும் ஊற்றைப் பற்றியும் அவர்கள் ஏதாவது சொல்லியிருக்கலாம். சுருக்கியவர் விட்டிருக்கலாம். எங்கள் காதில் மழை மட்டும்தான் விழுந்தது.

அதன்படியே நடந்தார்கள். மழை வலுத்தபோதெல்லாம் பாயும் பிள்ளைகளுமாக ஓடி வகுப்பறையில் படுத்தார்கள். வெயில் வந்ததும் வந்தார்கள். வந்து பார்த்தால் கோழி இருக்காது, விறகு நனைந்து கிடக்கும், மலை மட்டும் ஒன்றும் தெரியாததுபோல் அதே இடத்தில் நிற்கும். அப்படியே பழகிப்போயிற்று. மழை என்றால் பயம். வெயில் என்றால் வீடு. மலையில் இருக்கிற நாங்கள் வானத்தை மட்டுமே பார்க்கக் கற்றுக்கொண்டோம்.

பில்டர் கதை மலையில் தொடங்கவில்லை. தங்கையின் மகளுக்கு மஞ்சள் காமாலை வந்ததில் தொடங்கியது. கண்ணின் வெள்ளை, நகம், எல்லாம் மஞ்சள். பிள்ளை சுருண்டு கிடந்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மா, தண்ணீர்தான் காரணமாக இருக்கும், கொதிக்க வைத்துக் குடியுங்கள், முடிந்தால் பில்டர் வாங்குங்கள் என்றார். மூன்று பேருக்கும் நாள் முழுக்கக் கொதிக்க வைக்க விறகு எங்கே? பிள்ளை எழுந்து நடமாடத் தொடங்கியதும் தங்கை அட்டனுக்கு வந்தாள். கையில் ஒரு பழைய சோடா போத்தல் நிறைய பீலித் தண்ணீர். மலை ஊற்றிலிருந்து குழாய் வழியாக இறங்கி லயத்தின் ஓரத்தில் இரவு பகலாகக் கொட்டுகிற தண்ணீரைத்தான் எங்கள் பக்கத்தில் பீலி என்போம்.

பில்டர் விற்கிற கடையில் இருந்தவன் சிங்கள இளைஞன். அரைத் தமிழும் முழுச் சிரிப்புமாகப் பேசினான். போத்தலுக்குள் பேனா மாதிரி ஒரு மீட்டரை விட்டான். எண் மிகச் சின்னதாக வந்தது. "வத்துர ஹொந்தய் அக்கே," என்றான் தங்கையிடம். தண்ணீர் நல்ல தண்ணீராம். தங்கைக்கு முகம் மலர்ந்தது. தன் மகளைக் கிடத்திய தண்ணீருக்குப் பரீட்சையில் நல்ல மார்க் கிடைத்ததுபோல.

முதலில் சுவரில் மாட்டுகிற மெஷினைக் காட்டினான். ஆர்.ஓ. என்றான். எந்த அழுக்கும் தப்பாது, ஆனால் ஊற்றுகிற தண்ணீரில் பாதிக்கு மேல் கழிவாக வெளியே போய்விடும் என்று நேர்மையாகவே சொன்னான்.

தங்கை என் பக்கம் திரும்பினாள். "மூணு வாளி ஊத்துனா ஒரு வாளிதான் திருப்பிக் குடுக்குமா? இது என்னாக்கா, கொழுந்து நிறுக்கற கண்டாக்கு மாதிரில்ல இருக்கு! முதுகொடியச் சொமந்துட்டுப் போனா, ஈரத்துக்கு இவ்வளவு, கூடைக்கு இவ்வளவுன்னு வெட்டிட்டு மிச்சத்தைத் தானே எழுதுவாரு."

நான் சிரித்துவிட்டேன். அவனுக்குப் புரியவில்லை, ஆனாலும் சேர்ந்து சிரித்தான்.

அடுத்தது உள்ளே வண்ணக் கற்கள் அடுக்கிய கண்ணாடி மாதிரியான பானை. கல் தண்ணீருக்குச் சத்துக் கொடுக்கும் என்றான். "கல்லா? எங்க மலையில இல்லாத கல்லா? வேணும்னா ஒரு சாக்கு கொண்டாந்து தாரேன், இவர வித்துக்கச் சொல்லு," என்றாள் தங்கை. கடைசியாக அவள் கை வைத்தது நீல நிறத்தில், மேலே ஒரு பானை கீழே ஒரு பானை, உள்ளே இரண்டு கேண்டில். கரண்ட் வேண்டாம். கழிவு இல்லை. அவன் ஒரு கேண்டிலை எடுத்து விரலால் தட்டிக் காட்டினான். கண்ணுக்குத் தெரியாத அழுக்குகூட இதைத் தாண்டாது, எல்லாம் வெளியிலேயே ஒட்டிக்கொள்ளும், கழுவிவிட்டு மறுபடி பாவிக்கலாம்.

"எவ்வளவு கலங்கலா இருந்தாலும்?" என்று கேட்டாள்.

"எவ்வளவு கலங்கினாலும் அக்கே, கீழே கண்ணாடி மாதிரி."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அதை வாங்கினோம். எனக்கும் அதே மாதிரி ஒன்று எடுத்தேன். தங்கை பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸின் ஒவ்வொரு வளைவுக்கும் பிள்ளையைப் பிடிப்பதுபோல் அணைத்துக்கொண்டு போனாள்.

பிறகு வெயில் காலம். காலையில் புல்லில் வெள்ளையாகப் பனி, பகலில் கண் கூசும் வானம். மழை என்பதே மறந்துபோகிற மாதங்கள். ஒரு சனிக்கிழமை நான் லயத்துக்குப் போனேன். மகள் ஓடி வந்து பையை வாங்கினாள். கண் வெளுத்து, கன்னம் தேறி, பழையபடி வாயாடி. "பெரியம்மா, எங்க வீட்டுக்கு இப்ப என்னா பேரு தெரியுமா? பில்டர்க்காரி வீடு!"

பேர் பொருத்தமாகத்தான் இருந்தது. வாசலில் போத்தலும் செம்புமாக அயல் காம்பராக்காரிகள். தங்கை நீலப் பானையின் குழாயைத் திறந்து ஒவ்வொருத்திக்கும் நிறைத்துக் கொடுத்தாள். எனக்கும் ஒரு கிளாஸ் நீட்டினாள். "பாரு! உன் அட்டன் தண்ணி இப்படி இருக்குமா?"

இருக்காது. கிளாஸில் ஒன்றும் இல்லாததுபோல் இருந்தது. அதன் வழியே வாசலும் தேயிலையும் சுருக்கமே இல்லாமல் தெரிந்தன. குடித்தேன். குளிர்ச்சி நெஞ்சுவரை இறங்கியது.

"இப்பல்லாம் பீலியில கொஞ்சம் கலங்கலாத்தான் வருது," என்றாள் பக்கத்துக் காம்பராக்காரி, செம்பை இடுப்பில் ஏற்றிக்கொண்டே. "அரிசி களஞ்ச தண்ணி மாதிரி. குளிக்க, தொவைக்க அது போதும். குடிக்கத்தான் இவ இருக்காளே, புண்ணியவதி."

"புண்ணியம் கெடக்கட்டும். நாளைக்கு நீ வந்து கேண்டில் கழுவு," என்றாள் தங்கை. "முன்னெல்லாம் வாரத்துக்கு ஒருக்கா கழுவுனேன்க்கா. இப்ப காலையில கழுவுனா பொழுது சாய அடைச்சுக்குது. அந்தளவுக்கு அழுக்க இழுக்குது. நல்ல சாமான்!"

பெருமைதான் அவள் குரலில். நானும் பெருமைப்பட்டேன். நாங்கள் தேர்ந்தெடுத்த சாமான்.

பின்வாசலில் உட்கார்ந்து கேண்டிலைக் கழற்றினோம். நான் ஒன்று, அவள் ஒன்று. கேண்டில் வெள்ளையாக இல்லை. மஞ்சள் பூசிக் குளித்த கால்மாதிரி இருந்தது. தும்பால் ஒரு இழுப்பு இழுத்தேன். கெட்டியாக, வழுவழுவென்று, மினுக்குத் தூள் கலந்ததுபோல் மண் உரிந்து விரலில் ஏறியது. அப்போதுதான் அந்த வாசனை. முதன்முதலாக.

"எங்கேருந்து வருது இவ்வளவு மண்ணு?" என்றேன். "மழை பெஞ்சு எவ்வளவு நாளாச்சு?"

தங்கை தும்பைக் கீழே வைத்தாள். அவளும் அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்கிறாள் என்று தெரிந்தது.

தங்கையின் புருஷன் மாட்டுக்குப் புல்லைப் போட்டுவிட்டு வந்தார். டயகமப் பக்கத்து ஆள். எதற்கும் ஒரு சிரிப்பு வைத்திருப்பார். "என்னாக்கா, வந்த ஒடனே வேலை குடுத்துட்டாளா ஒங்களுக்கும்?" என்றபடி குனிந்து, என் விரலில் இருந்த மண்ணைத் தொட்டார். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே தேய்த்தார். "அடடே. இந்தாளு இங்க எங்க வந்தாரு? இவரு நம்ம கக்கூஸ் குழிக்காரருல்ல!"

"கருமம், வாயைக் கழுவுங்க," என்றாள் தங்கை.

"இல்ல புள்ள, நெசமா. குழி வெட்டுறப்போ மேல கறுப்பு மண்ணு. அதுக்குக் கீழ செவப்பு. என் தலை உள்ளுக்குப் போனதுக்கு அப்புறந்தான் இந்த மஞ்ச மண்ணு வந்துச்சு. மம்பட்டியில ஒட்டிக்கிட்டு விடவே மாட்டேன்னுச்சு. ஞாபகம் இல்ல?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சொல்லி முடித்த இடத்தில் சிரிப்பு நின்றது. அவர் நிமிர்ந்தார். நாங்களும் நிமிர்ந்தோம். கைநீட்டும் தூரத்தில் மலையின் வெட்டிய முகம். பாசி. வெயில். ஒரு தேயிலைகூட அசையவில்லை.

மழை இல்லை. ஆனால் மலை அடியிலிருந்து கரைகிறது. ஆளுயரத்துக்குக் கீழே இருக்கிற மண் எங்கோ உள்ளே அவிழ்ந்து, ஊற்றில் கலந்து, குழாயில் இறங்கி, தினமும் இந்த வாசலுக்கு வந்துகொண்டிருக்கிறது. நாங்கள் தினமும் அதைத் தேய்த்துக் கழுவிக் சாக்கடைக் கானில் ஊற்றிக்கொண்டிருக்கிறோம். கீழ்ப்பானையில் கண்ணாடி மாதிரித் தண்ணீர். லயமே அதைக் குடித்துவிட்டு நல்லா இருக்கு என்று சொல்லிக்கொண்டிருக்கிறது.

அன்றைக்கே தங்கையின் புருஷன் முதலில் கண்டாக்கிடம் போய்ச் சொன்னார். தோட்டத்தில் வேலையைப் பார்க்கிற அந்த ஐயா மோட்டார் சைக்கிளை நிறுத்தாமலே கேட்டாராம். மேலே தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய மலையில் ஆட்கள் நடமாடுகிறார்கள், அதனால் கலங்குகிறது, இரண்டு வாரத்தில் தெளிந்துவிடும் என்றாராம். நம்பத்தக்க பதில்தான். நான் தெரிந்தவர் ஒருவரைப் பிடித்து, மண்சரிவைக் கவனிக்கிற அலுவலகத்து நம்பர் வாங்கி, என் உடைந்த சிங்களத்தில் பேசினேன். மறுமுனைக் குரல் பொறுமையாகவே கேட்டது. அங்கே மழையா? இல்லை. மழை எச்சரிக்கை எதுவும் இல்லையே. ஆனாலும் திங்கட்கிழமை ஆள் அனுப்பப் பார்க்கிறோம். முடிந்தால் அதுவரைக்கும் வேறிடத்தில் இருங்கள்.

"வேறிடம்," என்றாள் தங்கை, நான் தமிழில் சொன்னதும். "நல்லாத்தான் சொல்றாங்க."

"என் ரூமு இருக்கு. மூணு பேரும் வாங்க."

"மாடு?"

மாடு நிறைசினை. இன்றோ நாளையோ கன்று போடும். அவரால் விட்டுவிட்டு வர முடியாது. பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம்: மறுநாள் காலையில் தங்கையும் பிள்ளையும் என்னோடு அட்டனுக்கு. அவர் மாட்டோடு இங்கே. திங்கட்கிழமை அதிகாரி வந்து பார்த்த பிறகு மற்றதை யோசிக்கலாம். தங்கை எழுந்து போய் இரண்டு கேண்டிலையும் மறுபடி பில்டரில் மாட்டாமல் வெளியே வைத்தாள். பீலித் தண்ணீரை ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்து வாசல் கட்டையில் நிறுத்தினாள். "இனி தெளிஞ்ச தண்ணி ஒருத்திக்கும் கெடையாது. என்னா குடிக்கிறோம்னு எல்லாம் கண்ணால பாக்கட்டும்."

பார்த்தார்கள். போத்தலின் அடியில் மஞ்சள் மண் ஒரு விரல்கடைக்குப் படிவதைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் திட்டிவிட்டு, துணியில் வடிகட்டி எடுத்துப் போனார்கள். "பில்டர்க்காரிக்குக் கிராக்கி வந்துருச்சு," என்றது ஒரு குரல். வானம் நீலமாக இருக்கும்போது யாரிடம் போய் என்ன சொல்வது?

எல்லாரும் தூங்கினோம். இப்போது நினைத்தால் அதுதான் ஆச்சரியம்.

காலையில் என்னை எழுப்பியது சத்தம் அல்ல. சத்தம் இல்லாமை. கண் திறந்து படுத்தபடி, என்ன குறைகிறது என்று தேடினேன். நாய் குரைத்தது. யாரோ விறகு பிளந்தார்கள். எல்லாம் இருந்தது, ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிற ஒன்று இல்லை. பீலி நின்றுவிட்டது.

எழுந்து உட்கார்ந்தேன். எதிர்ச்சுவரில் முருகன் படம். மகள் ஸ்டூலில் ஏறி நின்று அதைச் சரிசெய்துகொண்டிருந்தாள். "இந்தப் படத்தோட பெரிய ரோதனை, பெரியம்மா. தெனமும் நேரா வைக்கிறேன், தெனமும் சாஞ்சிருது." கையை எடுத்தாள். ஒற்றை ஆணியில் தொங்கிய படம் மெல்ல ஆடி, தன் இடத்துக்கு வந்து நின்றது. நான் படத்தையும் சுவரின் ஓரத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். படம் நேராகத்தான் தொங்கியது. சாய்ந்திருந்தது சுவர்.

அதன் பிறகு நான் ஒரு நிமிஷமும் உட்காரவில்லை. துணிகளைப் பைக்குள் திணித்தேன். தங்கையைத் தோளைப் பிடித்து இழுத்துச் சுவரைக் காட்டினேன். அவள் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். காய்ச்சல் பார்ப்பதுபோல். பிறகு பிள்ளைக்குச் செருப்பை மாட்டினாள்.

வெளியே பீலியடியில் குடங்களோடு பெண்கள். பெரிய பேச்சு. ஊற்றுக் குழாய் அடைத்தால் லயத்தில் முறை உண்டு: வீட்டுக்கு ஒரு ஆளாக, இரண்டு இரண்டு பேராக மேலே ஏறித் துப்புரவாக்கிவிட்டு வருவார்கள். இந்தத் தடவை முறை கடைசி இரண்டு காம்பராக்களுக்கு. தங்கையின் புருஷன் மம்பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். கூட ஏற இருந்தவர் பக்கத்துக் காம்பராக்காரியின் மாமனார், நெஞ்சு இழுக்கிற மனிதர்.

நான் முன்னால் போய் நின்றேன். "தம்பி, மேல போகாதீங்க. ஊத்து நின்னா தண்ணி எங்கயும் போயிரல. உள்ளுக்குத்தான் நிக்குது. செவரு வேற சாஞ்சிருக்கு. தயவு செஞ்சு நீங்களும் எறங்கி வாங்க. எல்லாரையும் கூப்புடுங்க."

"கூப்புட்டேன்க்கா," என்றார் தணிந்த குரலில். "காலையிலேயே சொன்னேன். சிரிக்கிறாங்க. வெயில்ல எவன்டா ஓடுவான்னு."

"இந்தா, சொல்லிக்கிட்டே இருக்கப்பயே ஓடுது பாரு பில்டர்க்காரி குடும்பம்!" என்றாள் பக்கத்துக் காம்பராக்காரி, எங்கள் பைகளைப் பார்த்து. "தண்ணி நின்னா அட்டனுக்குப் போறாளுக. நாங்க எங்க போறது, லண்டனுக்கா?" எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு அவளே மலையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள். அதை நான் கண்டேன்.

"நீயும் வா," என்றேன் அவளிடம். "பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு ரோட்டுக்காவது எறங்கு." அவள் குடத்தை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள்.

அவர் எங்களோடு பாதை பிரிகிற இடம்வரை வந்தார். ஒன்று கீழே ரோட்டுக்கு. ஒன்று மேலே ஊற்றுக்கு. கிழவர் அதற்குள் மேல்பாதையில் நாலு எட்டு ஏறி, நின்று, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, மாடும் வேணாம், ஒண்ணும் வேணாம்," என்றாள் தங்கை. "வாங்க."

"நான் போகாட்டி அந்த மனுஷன் தனியா ஏறுவாரு. ஏறிட்டு எறங்க மாட்டாரு. பாத்துட்டு வந்துர்றேன்."

"நெலமை தெரிஞ்சும் போறீங்களே."

"தெரிஞ்ச ஆளு ஒருத்தன் கூட இருக்கணும்ல." மகளின் தலையில் கை வைத்தார். "பெரியம்மா வீட்டுல சேட்டை பண்ணாத."

தங்கை மம்பட்டிக் காம்பைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை. கீழே வளைவில் பஸ் ஹார்ன் கேட்டது. அவர் அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தார், கோபமில்லாமல், தூங்குகிற பிள்ளையின் கையை எடுப்பதுபோல. எடுத்துவிட்டுச் சிரித்தார்.

"எலைதான் அடைச்சிருக்கும் புள்ள. நீ போ. பகல் சோத்துக்குள்ள தண்ணி வந்துரும். வந்தோன போன் போடுறேன்."